பலாப்பொந்தும் பன்னிரண்டு இலக்கமும்

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தபோது நெய்யாற்றின்கரைவாசிகள் ஆச்சரியப்பட நியாயமில்லை. எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்திவர, திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மர் பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்ற ஐதீகத்தோடு அந்த அம்மச்சிப் பிலாவையும் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பேணிவருகிறவர்கள் அவர்கள். மகாராஜாவிடம் பன்னிரண்டு இலக்க ஆதார் இருந்திருந்தால், பொந்துக்குள் புகுமுன் ஓ.டி.பி. கேட்டிருப்பார்கள்.

2018 செப்டம்பர் 26 அன்று அதே நீதிமன்றம், தனியார் கம்பெனிகள் ஆதாரை வற்புறுத்தலாகாது என்றும், அரசாங்க மானியங்களுக்கு அதைக் கேட்கலாம் என்றும் விதித்தது. ஆகவே பாறசாலைப் பக்கத்து ரேஷன் கடையில், ஆயுள் முழுதும் ரப்பர் வெட்டி ரேகை தேய்ந்த கிழவர், கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தாலும், இயந்திரம் பொருந்தவில்லை என்றே சாதிக்கிறது. வரிசையில் நிற்பவர்களிலோ, அவருடைய பாட்டன் பெயரையும், களியக்காவிளைக்கு அப்பால் அவர் பெண் கொடுத்த வீட்டையும், அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய கடனையும் அறியாதவர் ஒருவருமில்லை. சர்க்கார் ஒருவருக்குத்தான் அவர் யாரென்று விளங்கவில்லை. அந்தரங்கத்துக்கு இதைவிடப் பரிபூரணமான பாதுகாப்பை எந்தச் சட்டம் தந்துவிட முடியும்?