எல்லாத்துக்கும் பொது, அங்கிள்

டிராவல்ஸ் ஆபீசில் நேற்று ஒரு வழவழத் தாள் கொடுத்தார்கள். பேனா கூடப் பிடிக்காத தாள். மளிகைக் கணக்கு எழுதவும் உதவாது. அதில் ஒரே வரி: ‘ஆப்பிரிக்கா: ஏற்ற பருவம் ஜூன் முதல் அக்டோபர் வரை.’

54 நாடுகள். சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். கடகரேகை, பூமத்தியரேகை, மகரரேகை மூன்றும் கடந்து போகிற ஒரே கண்டம். வடகோடியில் கோடை என்றால் தென்கோடியில் குளிர். அத்தனையும் ஒரு வரியில் அடங்கிவிட்டது.

“தம்பி, இது எந்த ஊருக்கான பருவம்?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் பொது, அங்கிள்.”

அங்கிளைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் ‘பொது’வை மன்னிக்க முடியாது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கே போவதென்று முடிவாகும் முன்பே ‘சீசன் எப்போ?’ என்போம், விலையைச் சொன்னதும் ‘ஆஃப் சீசன் எப்போ?’ என்போம். அதனால் சரியான மாதத்தை நானே கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். அது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விக்டோரியா அருவி. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பங்கு போட்டுக்கொண்ட அருவி. 108 மீட்டர் உயரம், 1.7 கிலோமீட்டர் அகலம். ஏப்ரலில் ஜாம்பசி ஆறு கரைபுரளும். அப்போது போனால் அருவி தெரியாது. விழுந்த தண்ணீர் புகையாய் மேலெழும்பி, எதிரே நிற்கிறவர்களை மூடிவிடும். கண்ணுக்கு வெள்ளைத் திரை, காதுக்குப் பேரிரைச்சல். வாடகை மழைக்கோட்டுக்குள் தொப்பலாக நனைந்தபடி, “இங்கேதான் எங்கேயோ விழுது” என்று மனைவிக்குக் கைகாட்டலாம். போட்டோவில் விழுவது அருவி அல்ல, ஈரமான இரண்டு பேர். சரி, தண்ணீர் வடியட்டும் என்று அக்டோபரில் போனால் எல்லாம் பளிச்சென்று தெரியும். அதாவது, அருவி இருந்த இடம். ஜாம்பியா பக்கத்தில் பெரும்பாலும் மொட்டைப் பாறை. “இதுக்கா இவ்வளவு செலவு?” என்று வீட்டம்மா கேட்டால், எரிமலைக் குழம்பு எப்படிப் பாறையாகிறது என்று விளக்கலாம். மண்டையைப் பிளக்கும் வெயிலில் அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிம்பாப்வே பக்கம் அப்போதும் தண்ணீர் விழும். அதைப் பார்க்கப் பாலம் தாண்டி இன்னொரு நாட்டுக்குள் போக வேண்டும். அங்கே பாஸ்போர்ட்டும் கையுமாக வரிசை. குற்றாலத்தில் தண்ணீர் இருந்தால் குளிக்கலாம், இல்லாவிட்டால் பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பலாம். இங்கே தண்ணீர் இருந்தால் தெரியாது; தெரிந்தால் தண்ணீர் இல்லை.

நடுவே ஜூலை, ஆகஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மசாய் மாராவில் வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைத் தாண்டுவதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் கேப்டவுனில் அது குளிர்கால மழை, எத்தியோப்பிய மலைகளில் அடைமழை, மராக்கேஷில் 40 டிகிரியைத் தொடும் வெயில். கேப்டவுனுக்காக ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால், வில்டபீஸ்ட்டுகள் தான்சானியாவுக்குப் பிரசவத்துக்குப் போயிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராப் புழுதி. மடகாஸ்கரில் புயல் காலம். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் இன்னும் அநியாயம்: ஊரில் மழை ஓய்ந்து எல்லாம் காய்ந்த பிறகுதான் வெள்ளமே வரும். மழை பெய்தது அங்கோலாவில்; அந்தத் தண்ணீர் வந்து சேர மாதக்கணக்காகும்.

கட்டம் போட்டு எழுதிய இத்தனையையும் மனைவியிடம் நீட்டினேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

“பேரனுக்கு மே மாசம்தான் லீவு. இதுல சீசன் என்ன வேண்டிக்கிடக்கு?”

கண்டத்தைக் கேட்காதீர்கள், பள்ளிக்கூட காலண்டரைக் கேளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். காட்டுப் பாதையெல்லாம் சேறு; சில விடுதிகளை மூடியே வைத்திருப்பார்கள். திறந்திருக்கிற விடுதிகளில் வாடகை குறைவு.