பந்திக்கு முந்தியவர்

கேள்வி: வீட்டில் வைத்து விளையாடும் வீடியோ கேம் யந்திரங்களின் வியாபாரத்தில், முந்தி வந்தவனுக்குத்தானே லாபம்?

பதில்: பந்திக்கு முந்துவது விவேகந்தான், ஆனால் இலை போடுமுன்பே போய் உட்கார்ந்தவனுக்கு என்ன பரிமாறுவார்கள்? 1995-ம் வருஷம் மே மாதத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வரவேண்டிய தங்கள் ஸாட்டர்ன் யந்திரம் இப்போதே சில கடைகளில் கிடைக்குமென்றும், விலை 399 டாலரென்றும் சேகா கம்பெனியார் பிரகடனம் செய்து, போட்டியாளரைத் திகைக்க வைத்துவிட்ட பூரிப்போடு மேடையை விட்டு இறங்க, பின்னர் மேடையேறிய ஸோனியின் ஸ்டீவ் ரேஸ், பிளேஸ்டேஷனின் விலையான "299" என்ற ஒரே எண்ணை உச்சரித்துவிட்டு ஆசனத்துக்குத் திரும்பினார். (பிரசங்கிகள் கவனிக்க!) சரக்கு கிடைக்காத கடைக்காரர்களுக்கோ கோபம், செப்டம்பரை நம்பியிருந்த கேம் தயாரிப்பாளர்களின் வட்டுகளோ தயாராகவில்லை. பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கு மேல் விற்க, ஸாட்டர்ன் ஒரு கோடியையும் எட்டவில்லை.

அனுபவம் போதாதென்று, 1998-ல் டிரீம்காஸ்ட் என்ற மற்றொரு யந்திரத்தோடு ஜப்பானில் மறுபடியும் சேகாவே முந்தியது. நல்ல யந்திரந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2, பிள்ளைகளுக்கு விளையாட்டும் பெரியவர்களுக்கு டிவிடி சினிமாவும் ஒருங்கே காட்டி, தகப்பனாரின் பணப்பையை நியாயமான முகாந்தரத்துடன் திறக்கச் செய்தது. 2001-ல் சேகா யந்திர வியாபாரத்துக்கே முழுக்குப் போட்டது. அதன் செல்லப்பிள்ளையான ஸோனிக் என்னும் நீல முள்ளெலி, இப்போது பழைய பகையாளியான நிண்டெண்டோவின் யந்திரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.