உட்காரவும் ஒரு சட்டம்

கேள்வி: ஜவுளிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரலாம் என்று சட்டமே இருக்கிறதாமே! உட்காருவதற்குமா சட்டம் போடுவார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போட்டால்தானே நாற்காலி வருகிறது! 2021-ல் தமிழக அரசு, 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம். கேரளா 2018-லேயே முந்திக்கொண்டது. அங்கே கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுப் போராடினார்கள், அப்புறம் நாற்காலி.

காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து நின்றுகொண்டே இருந்தால் பாதம் வீங்கும், கெண்டைக்காலில் நரம்பு புடைக்கும். முதலாளிக்கு வேறு கவலை. விற்கிற பெண் உட்கார்ந்திருந்தால் வியாபாரம் படுத்துவிட்டதாக ஜனங்கள் நினைப்பார்களாம். (வாங்க வந்தவருக்கு மட்டும் மெத்தை, ஏசி, குளிர்ந்த ரோஸ்மில்க்.)

சமீபத்தில் ஒரு கடையில் பார்த்தேன். சட்டப்படி ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதன்மேல் பிளவுஸ் பிட் கட்டு ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள். இன்ஸ்பெக்டர் வந்து எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

ஆடித் தள்ளுபடியில் அந்தச் 'சந்தர்ப்பம்' எப்போது வாய்க்கும் என்று சட்டத்தில் இல்லை. அதை வாய்க்கவிடாமல் செய்வதில் நமக்கும் பங்குண்டு. நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறமா வர்றோம்மா" என்று கிளம்புகிறவர் நீங்கள் இல்லையே?