வளையலைக் கழற்றிய சனி

வானத்தைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த நாலு பேர் என்ன பாவம் செய்தார்களோ.

'சனியின் அழகிய வளையங்களைக் காண வாரீர்' என்று 2025 நவம்பரில் நோட்டீஸ் அடித்தேன். நவம்பரில் நம்மூரில் வானம் தெரியாது, மேகம்தான் தெரியும். அன்று என் கெட்ட நேரம், வானம் பளிச்சென்று இருந்தது.

முதலில் பேச்சு. ஒளியாண்டு என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு பையன் கேட்டான். 9.46 லட்சம் கோடி. நான் பதற்றத்தில் லட்சத்தை முழுங்கிவிட்டேன். அந்தக் கணக்குப்படி சூரியனை விட்டால் நமக்கு அடுத்த நட்சத்திரம் வியாழனுக்கும் இந்தப் பக்கம் வந்து நின்றது. கைதட்டினார்கள்.

அப்புறம் மொட்டை மாடி, ஆறு இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி. மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். நூறு மடங்கு பெரிதாக்கி வைத்தால், பூமி சுற்றுகிற சுற்றில் இரண்டே நிமிஷத்தில் சனி நழுவி வெளியே போய்விடும். இது உங்களுக்குச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது, அன்று வரவில்லை. பதினைந்து பேர் வரிசையாகப் பார்த்து "சூப்பர் சார்" என்றார்கள். பதினாறாவதாக முக்காலியில் ஏறிய சின்னப் பெண்தான் கேட்டாள்: "அங்கிள், ஒண்ணுமே இல்லையே?" குனிந்து பார்த்தேன். சுத்தமான இருட்டு. மற்றவர்கள் எதைப் பார்த்து சூப்பர் என்றார்களோ, மரியாதை தெரிந்த ஊர்.

திரும்பவும் தேடிப் பிடித்தேன். ஒரு உருண்டை, குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு கோடு. வளையம் எங்கே? விஷயம் இதுதான்: அந்த வளையம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 2,80,000 கிலோமீட்டர், கனம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். சுமார் 15 வருஷத்துக்கு ஒருமுறை நமக்கு விளிம்பை மட்டும் காட்டும். 2025 அந்த வருஷம். இதெல்லாம் என் 31ஆவது ஸ்லைடில் இருந்தது. நோட்டீஸ் அடிக்கும்போது நான் 30 வரைதான் முடித்திருந்தேன்.

"வளையலைக் கழட்டி அடகு வச்சுட்டானா தம்பி?" என்றார் ஒரு பாட்டி. 1612இல் கலிலியோவும் இதே இடத்தில் திகைத்து நின்றவர்தான் என்று சமாளித்தேன். "அவரும் நோட்டீஸ் அடிச்சாரா?"

கடைசியில் ஒருவர் ஏழரைச் சனி பற்றிக் கேட்டார். மூடநம்பிக்கையை ஒரே அடியில் ஒழிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ வருஷம், பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு ரெண்டரை, மூணு ராசிக்கு ஏழரை, வெறும் வகுத்தல் கணக்கு என்று விளக்கினேன். அன்று எல்லோருக்கும் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

மறுநாள் காலை வாசலில் அவரே நின்றார். கையில் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டு. "பையனுக்கு எப்போ அமையும்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்."

மனைவி காபி போட உள்ளே போனாள். நான் நோட்டைப் பிரித்தேன். கட்டத்திலும் சனியைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.