கம்பி நீட்டாத கம்பி

கம்ப்யூட்டரைக் கண்டால் ஜனங்கள் பயப்படுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில், மைக்ரோசாஃப்ட் வளாகத்தை வாட்டிய கவலை இது. பயப்படுகிறவனைக் கூப்பிட்டு, ‘எதைக் கண்டு பயம்?’ என்று கேட்டிருக்கலாம். அவனுக்கு ஒரு நாய் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

நாயின் பெயர் ரோவர். அது குடியிருந்த மென்பொருளின் பெயர் பாப். 1995 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. திறந்தால் திரையில் ஒரு வாசற்கதவு. தட்டிவிட்டு உள்ளே போனால் கணப்பு எரியும் கூடம், மேஜை, நாற்காலி. கடிதம் எழுத மேஜையிலிருக்கும் பேனாவையும் காகிதத்தையும் தொட வேண்டும். வரவு செலவு பார்க்கச் செக் புத்தகத்தைத் தொட வேண்டும். நாற்காலியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, அது நாற்காலி. இந்த எளிய வீட்டில் குடியேற 8 எம்பி ராம் தேவைப்பட்டது. பாப் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அந்தப் புதியவர்களில் பலரிடம் அவ்வளவு வசதி கிடையாது.

பூட்டும் இருந்தது. கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தால், ‘மறந்துவிட்டீர்களா, புதிதாக ஒன்று வைத்துக்கொள்கிறீர்களா?’ என்று பாப் அன்போடு கேட்கும். திருடனுக்கும் அதே அன்புதான். ஒரு வருஷத்துக்குள் வீட்டை இடித்தாயிற்று.

இடிபாட்டில் ஒரு பொருள் மிஞ்சியது. வின்சென்ட் கான்னாரே என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் பாப்பின் சோதனைப் பதிப்பைப் பார்த்தபோது ரோவர் டைம்ஸ் நியூ ரோமனில் பேசிக்கொண்டிருந்தது. நாய் பேசுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. நாளிதழ் எழுத்தில் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்காக அவர் வரைந்ததுதான் காமிக் சான்ஸ். பாப்புக்கு அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. நாய் போய்விட்டது, எழுத்து இன்னும் பள்ளிக்கூட ஆண்டுவிழா அழைப்பிதழ்களில் வாலாட்டுகிறது.

இவ்வளவுக்கும் பின்னால் படித்தவர்கள் கை இருந்தது என்பதுதான் விசேஷம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்ட் நாஸும் பைரன் ரீவ்ஸும், மனிதர்கள் கம்ப்யூட்டரைத் தெரியாமலேயே இன்னொரு மனிதரைப் போல நடத்துகிறார்கள் என்று சோதனைகளில் கண்டிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி அதே கம்ப்யூட்டரில் அபிப்பிராயம் கேட்டால், முகதாட்சண்யத்துக்காகக் கொஞ்சம் கூட்டியே மதிப்பெண் போடுகிறோமாம். இதைக் கேட்ட ரெட்மண்டுக்குத் தோன்றியது: அப்படியானால் ஒரு முகத்தை வைத்துவிடலாமே! முகமே இல்லாத சாம்பல் நிறப் பெட்டியிடமே இப்படி நடந்துகொள்கிறார்கள் என்றால் முகம் எதற்கு என்று அலன் கூப்பர் போன்ற வடிவமைப்பாளர்கள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார்கள். பிற்பாடுதான்.

அதே வளாகத்தின் இன்னொரு மூலையில் உருப்படியான வேலை ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1993இல் எரிக் ஹார்விட்ஸ் தலைமையில் லூமியேர் என்ற ஆய்வு தொடங்கியது. எக்செல்லில் ஒருவர் தடுமாறும்போது அவர் என்ன செய்ய நினைக்கிறார் என்பதை, 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேயஸ் பெயரிலான நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு ஊகிக்க வேண்டும். அதற்கு முன், மனிதர்களாலேயே அதை ஊகிக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஓர் அறையில் எக்செல்லோடு மல்லுக்கட்டும் ஆள். இன்னொரு அறையில், அவர் திரையை மட்டும் பார்த்தபடி நிபுணர்கள். நிபுணர் தட்டச்சு செய்யும் ஆலோசனை, பரிசோதனையிலிருக்கும் உதவி மென்பொருள் சொல்வதுபோல இவருக்குப் போய்ச் சேரும்.

அங்கே நடந்தது முழு நீளக் காமெடி. நிபுணர் தப்பாக ஊகித்து, சம்பந்தமே இல்லாத ஒரு வசதியைப் பற்றி ஆலோசனை சொல்வார். இவர், ‘கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, காரணம் இல்லாமலா இருக்கும்?’ என்று கைவேலையைப் போட்டுவிட்டு அதை நோண்ட ஆரம்பிப்பார். நிபுணர் அதைப் பார்த்து, ‘நான் நினைத்தது சரிதான், இதைத்தான் தேடியிருக்கிறார்’ என்று அகமகிழ்ந்து, அதே திசையில் இன்னும் இரண்டு ஆலோசனைகளைத் தள்ளிவிடுவார். வழி தெரியாதவனும் வழி சொல்பவனும் கைகோத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள்.

ஆனால் நிபுணர்கள் திருந்தினார்கள். போகப்போகப் பேச்சைக் குறைத்தார்கள். ‘நீங்கள் இன்னதைச் செய்ய நினைத்தால்’ என்று ஒரு ‘ஆல்’ விகுதியை முன்னால் போட்டுப் பணிவாகச் சொல்லப் பழகினார்கள். ஆய்வின் மாதிரி மென்பொருளும் அந்தப் பணிவைக் கற்றது. எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தால் அது தானாக வாயைத் திறக்கலாம் என்ற அளவை நாமே நிர்ணயிக்கலாம். குறுக்கிட்டதை நாம் கண்டுகொள்ளாவிட்டால், தொந்தரவுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டுத் தானே மறைந்துவிடும். இத்தனை நாகரிகமான மென்பொருள் மனித குலத்துக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் அபூர்வம்.

இதைத்தான் ஆஃபிஸ் 97இல் சேர்க்க முடிவானது. இடம் போதவில்லை, நேரமும் போதவில்லை. கல்யாண மண்டபம் சிறியதென்றால் யாரைக் கழிப்போம்? தாய்மாமனையே கழித்தார்கள். ஆளுக்கு எவ்வளவு தெரியும் என்று கணிக்கும் பகுதி போயிற்று. ஆளை நினைவில் வைத்துக்கொள்ளும் பகுதி போயிற்று. பேசுவதா வேண்டாமா என்று லாப நஷ்டம் பார்க்கும் பகுதியும் போயிற்று. பேயஸ் கணக்கு, பயனர் தானாக உதவி கேட்டால் மட்டும் ஓடும் என்று சுருங்கிற்று. தானாக எட்டிப் பார்ப்பதற்குச் சாதாரண விதிகள்: இது நடந்தால் அதைச் சொல். மூளையில் எங்கே வாயை மூடுவது என்று தீர்மானிக்கும் பாகத்தை வெட்டியெடுத்த பிறகு, மிச்சமிருந்ததற்கு இரண்டு பெரிய கண்களையும் புருவங்களையும் வைத்தார்கள்.

அதுதான் கிளிப்பி. வரைந்தவர் கெவன் ஆட்டபெரி. அவர்மேல் பழி போடுவதற்கில்லை. காகிதம் கோக்கும் ஒரு கம்பித் துண்டுக்கு அத்தனை பாவம் கொடுப்பது சுலபமான காரியமல்ல. அதை அவர் மேக் கம்ப்யூட்டரில் வரைந்தார் என்பதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

வெளியிடும் முன் கருத்துக் கேட்டார்களா? கேட்டார்கள், அதுதான் கொடுமை. அந்நாளில் மைக்ரோசாஃப்டில் இருந்த ரோஸ் ஹோ, 2015இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார்: கருத்துக் கேட்பில் கலந்துகொண்ட பெண்கள், கிளிப்பி போன்ற இந்த உதவிப் பாத்திரங்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதாகவும், தங்களை ஒரு மாதிரியாக உற்றுப் பார்ப்பதாகவும் சொன்னார்கள். பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அறையிலிருந்த ஆண்களுக்கு எத்தனை விளக்கினாலும் புரியவில்லை. நிறுவனத்துக்குள்ளேயே இந்த உதவியாளருக்கு வைத்திருந்த செல்லப்பெயரில் ‘கோமாளி’ என்ற சொல் இருந்தது. அதற்கு முன்னால் வந்த சொல்லை இங்கே அச்சேற்ற முடியாது.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ‘டியர்’ என்று அடித்தால் போதும், கம்பி நெளிந்து எழுந்து, கடிதம் எழுதுவதுபோல் தெரிகிறதே, உதவி வேண்டுமா என்று கேட்கும். மனைவிக்கு எழுதும் கடிதமா, வேலையை ராஜினாமா செய்யும் கடிதமா, துக்கம் விசாரிக்கும் கடிதமா என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. பத்து வருஷமாகத் தட்டச்சே தொழிலாக இருப்பவரும் நேற்று மவுஸ் பிடித்தவரும் அதன் பெரிய கண்களுக்கு ஒன்று. (நம்மூர் வழக்கப்படி ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’, ‘உயர்திரு ஐயா’ என்று ஆரம்பித்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும் என்பது என் அனுமானம்.) பந்தியில் இலை காலியாகும்போதெல்லாம் சாம்பார் வாளியோடு வந்து நிற்பவரை நாம் வெறுப்பதில்லை, அவர் நம் இலையைப் பார்த்துத்தான் கேட்கிறார். கிளிப்பி பார்த்தது நம் முகத்தை. இலையை அல்ல.

கிளிஃபோர்ட் நாஸ் பிராயச்சித்தம்போல ஒரு சோதனை செய்தார். யோசனை சொல்லிவிட்டு, ‘உபயோகமாக இருந்ததா?’ என்று கேட்கும் புது கிளிப்பி. ‘இல்லை’ என்றால் அதற்குக் கோபம் வந்துவிடும், நம்மேல் அல்ல: இந்த உதவி வசதி எவ்வளவு மட்டம் என்று மைக்ரோசாஃப்டுக்கே எழுதுவோம் வா என்று ஒரு மின்னஞ்சலைத் திறக்கும். நாம் நாசூக்காக எழுதினால், இதெல்லாம் போதாது, நன்றாகக் கேள் என்று உசுப்பேற்றும். ஜனங்களுக்கு அதைப் பிடித்துவிட்டது! அதே கம்பி, அதே கண். கட்சி மட்டும் மாறியிருந்தது. சோதனைக்கூடத்தில் கிடைத்த இந்த நண்பனை மைக்ரோசாஃப்ட் பெட்டியில் வைத்து விற்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

2001இல் ஆஃபிஸ் எக்ஸ்பி வந்தபோது கிளிப்பியைத் தானாகத் தலைகாட்டாதபடி அணைத்துவைத்தார்கள். புதுப் பதிப்பு அவ்வளவு சுலபமானது, பாவம் கிளிப்பிக்கு வேலை போய்விட்டது என்று அதையே வைத்து விளம்பரமும் எடுத்தார்கள். குரல் கொடுத்தவர் காதைத் துளைக்கும் கீச்சுக்குரலுக்குப் பேர்போன கில்பர்ட் காட்ஃபிரீட். தங்கள் சரக்கை எல்லோரும் வெறுத்ததையே புதுச் சரக்கின் சிறப்பாக விற்ற சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ். ஆஃபிஸ் 2007இல் அதை அடியோடு எடுத்தார்கள். 2010இல் டைம் பத்திரிகை, மோசமான 50 கண்டுபிடிப்புகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

2021இல் திரும்பி வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எமோஜிகளில் பேப்பர்கிளிப் இருந்த இடத்தில் கிளிப்பியை வைத்தது. அதே கண், அதே புருவம். யாராவது தேடியெடுத்து ஒட்டினால் வருகிறது, ஒட்டிய இடத்தில் நிற்கிறது, ஒரு வார்த்தை பேசுவதில்லை. செய்தி வந்ததும் ஜனங்கள் கண் கலங்கி, குழந்தைப் பருவ நண்பனைக் கண்டதுபோல் கொண்டாடினார்கள்.