கேளுங்க, கொதிக்காதீங்க!

மீஞ்சூர் வாசகர்: எங்கள் தோட்டத்தில் ஆழமாகத் துளை போட்டால் எண்ணெய் கிடைக்குமா?
உங்கள் ஊரில் கடல் உப்பு கிடைக்கும். 

பாய்லர் ஆபரேட்டர், கவரைப்பேட்டை: பூமிக்குள் ஸ்டீம் விட்டு எண்ணெய் எடுக்கிறார்களாமே, உண்மையா?
உண்மை சார். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் பாகேவாலா என்று ஒரு வயல். 1991இல் ஆயில் இந்தியா நிறுவனம் எண்ணெயைக் கண்டுபிடித்தது, 2017இல்தான் உற்பத்தி. நம் ரயில்வே மேம்பாலங்களைப் பார்த்தவர்கள் இதற்கு ஆச்சரியப்படக் கூடாது. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கிற எண்ணெய். மூட்டுவலிக்குக் கொடுப்பதுபோல அதற்கு ஒத்தடம்: கிணற்றுக்குள் ஸ்டீம் ஏற்று, மூடிவிட்டுச் சில நாள் ஊறவிடு, அதே கிணற்றைத் திறந்து இளகியதை இழு. ஆறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இதைக் கண்டுபிடித்த பெருமை பாதி விபத்துக்கு. 1959இல் வெனிசுவேலாவின் மெனே கிராண்டே வயலில் ஷெல் எண்ணெய் கம்பெனிக்காரர்கள் ஸ்டீம் ஏற்றினார்கள். அது தரையைப் பிளந்துகொண்டு சீறியது. அழுத்தத்தைக் குறைக்கக் கிணற்றைத் திறந்துவிட்டால், எண்ணெய் கொட்டுகிறது!

பாகேவாலாவில் ஆழத்தில்தான் சிக்கல். கீழே போய்ச் சேருவதற்குள் சூட்டைப் பாறை தின்றுவிடும். அதனால் இரட்டைச் சுவர்க் குழாய், நடுவில் வெற்றிடம். அங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் இவ்வளவு பாடுபட, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாகிங், அதாவது சூடு காக்கும் சுற்று, உரிந்த ஸ்டீம் லைன் வானத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது! (லாகிங் இல்லாமல் ஒரு வாரமாவது எழுதுங்கள் என்கிறார் ஆசிரியர். முதலில் சிப்காட்காரர்கள் சுற்றட்டும்.)

பொன்னேரி வாசகி: டீசல் ரயில், மின்சார ரயில், எது சிறந்தது?
கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் கிடைப்பது.

எளாவூர் வாசகர்: ஸ்டீம் போடவே எரிபொருள் வேண்டுமே, கட்டுப்படியாகுமா?
கனடாவில் ஸ்டீம் விட்டு எடுக்கும் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். எண்ணெய் விலை ஏறினால் லாபம், இறங்கினால் ஆராய்ச்சி.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், ஆரம்பாக்கம்: பாய்லர் வேலைக்கு எதிர்காலம் உண்டா? மகன் கேட்கிறான்.
உண்டு. எண்ணெய் வயலில்கூட முதலில் தேடுவது பாய்லர் தெரிந்தவரைத்தான். அங்கே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்குவதில்லை. ஐந்தில் ஒரு பங்கை நீராகவே விடுவார்கள், உப்பெல்லாம் குழாயில் படியாமல் அதோடு போக. ஆகவே மகனைத் தண்ணீரைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று. 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் நெய்வேலியில் பாய்லர் விபத்துகளில் தொழிலாளர்கள் இறந்தார்கள். உற்பத்திக்காக சேஃப்டி வால்வைக் கட்டிவை என்று எந்த முதலாளி சொன்னாலும், அன்றைக்கே வேலையை விட்டு வந்துவிடச் சொல்லுங்கள். நீங்களும் ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள்.