எருக்குழிக்கு வந்த மரியாதை

எங்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டுத்தரைக்குப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். குப்பைமேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு மாடு. எவ்வளவு மாடோ அவ்வளவு வெள்ளாமை. எங்கள் வீட்டு மேடு நடுத்தரம். அப்பாவுக்கும் நடுத்தர மாப்பிள்ளை என்ற பேர்தான் கிடைத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

ஐப்பசி அடைமழை விட்டு, கார்த்திகையில் நிலம் வண்டி தாங்குகிற பதத்துக்கு வந்ததும் தைப்பட்டத்துத் தக்காளிக்கும் கத்தரிக்கும் குப்பை அடிக்க ஆரம்பிப்போம். மேட்டை மம்பட்டியால் வெட்டித் திறந்தால் காலைக் குளிரில் குப்பென்று ஆவி கிளம்பும். உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். எல்லாம் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். கோழிகள் மம்பட்டிக்கு முன்னால் போய் நிற்கும். தாத்தா ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். சாணி வாடை அடித்தால் "இன்னும் கொதி அடங்கலை" என்று அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். மண்வாசம் வந்தால்தான் கூடையில் ஏறும். வேகாத எருவைப் போட்டால் நாற்று கருகும், கரையானும் வேர்ப்புழுவும் கூடவே குடிவரும் என்பது அவர் கணக்கு.

வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டி, அன்றைக்கே இறைத்து, அன்றைக்கே உழவு ஓட்டிவிட வேண்டும். ஒரு குவியல் மீந்து நின்றாலும் தாத்தா சத்தம் போடுவார்: "வெயிலுக்குத் தின்னக் குடுக்கவா நான் மாடு வளத்தேன்?" எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும் என்பதை அவர் யாரிடமும் படிக்கவில்லை.

நாங்கள் படித்தோம். மட்கு உரம் தயாரிப்பது எப்படி என்று பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி. இந்தூர் முறை, ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி என்று எழுத வேண்டும். அந்த மனிதர் இந்திய விவசாயிகளையும் பூச்சிகளையுமே தன் பேராசிரியர்கள் என்று சொன்னவர். அது மட்டும் எங்கள் பாடத்தில் இல்லை. விடியற்காலையில் சாணி அள்ளிவிட்டு வந்த பையனை, வாடை அடிக்கிறது என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார் வாத்தியார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவன் இந்தூர் முறையை மனப்பாடம் செய்தான்.

பிறகு யூரியா வந்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், தொழுவுரத்தில் ஏறக்குறைய அரை சதவீதம். அன்றைய 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ தழைச்சத்து. அதையே எருவில் எடுக்க 4,600 கிலோ வேண்டும். வண்டிக்கு அரை டன் என்றாலும் ஒன்பது நடைக்குமேல். மூட்டையோ சைக்கிள் கேரியரில் வந்து இறங்கியது, போட்ட வாரத்தில் பயிர் கருகருவென்று எழுந்தது. மண் பொலபொலப்பாக இருப்பது, மழைக்குப் பின் பொருக்குத் தட்டாமல் இருப்பது, ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்பது இதெல்லாம் மூட்டையின்மேல் அச்சடித்திருக்கவில்லை, அதனால் யாரும் விலை போடவில்லை. டிராக்டர் வந்ததும் காளைகள் சந்தைக்குப் போயின. எருக்குழியை மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் தளம் போட்டோம். ஊரே வந்து பார்த்து, வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்றது.

அந்தத் தளத்தில்தான் இப்போது அண்ணன் மகன் எரு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறான். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்கும் கீழே என்று வந்துவிட்டது. ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் போடுங்கள் என்று பரிந்துரை. போடலாம், மாடு எங்கே? ஊரில் மிச்சமிருந்த மாட்டின் சாணியும், எங்கள் தக்காளி போன வழியிலேயே, கேரளத்துத் தோட்டங்களுக்கு லாரி ஏறுகிறது. நம்மூர்ச் சாணியைத் தின்ன யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்க மண்புழுவை விலைகொடுத்து வாங்குகிறோம். வரட்டி ஆன்லைனில் விற்கிறது. தாத்தா மழைக்கு முன்னால் விதைத்து மடக்கி உழுத தக்கைப்பூண்டையும் சணப்பையும், 2024-இல் அரசாங்கம் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று திட்டம் போட்டு மானியத்தில் தந்தது. நல்ல திட்டம்தான். தாத்தாவுக்குத்தான் மானியம் இல்லாமல் போயிற்று.

பையன் கெட்டிக்காரன். மக்காச்சோளத் தட்டு ஓர் அடுக்கு, சாணி ஓர் அடுக்கு, இலைதழை ஓர் அடுக்கு என்று தோட்டத்து மூலையில் குவியல் போட்டிருக்கிறான். கரிமம் முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று கணக்கு வைத்திருக்கிறான். கார்த்திகை மழையில் சத்து கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடிவிடாமல் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறான். தாத்தா பனையோலை போட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். நீளமான கம்பி வைத்த தெர்மாமீட்டரைக் குவியலில் செருகி, "அறுபது டிகிரி வந்துருச்சு சித்தப்பா, களை விதையெல்லாம் செத்துரும்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அந்தக் குவியல் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வாடைக்காக ஒரு பையன் கடைசி பெஞ்சுக்குப் போனானோ, அதே வாடைக்கு இப்போது நுழைவுக் கட்டணம்.

அம்மா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தெர்மாமீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏஞ்சாமி, இது சாணி அள்ளுமா?"

"அள்ளாதுங்க அப்பத்தா."

"அப்ப யாரு அள்றது?"

பையன் பதில் சொல்லவில்லை. ஆள் கூலியில்தான் அவன் கணக்கு உதைக்கிறது. எரு மூட்டையின் விலையைவிட, அதை ஏற்றி, இறக்கி, இறைக்கிற கூலி அவனைப் பயமுறுத்துகிறது.

அந்தக் காலத்தில் எரு சும்மா கிடைத்தது என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். சும்மா கிடைக்கவில்லை. கோழி கூவுகிற நேரத்தில் எழுந்து கட்டுத்தரை கூட்டி, சாணி வழித்து, கோமியம் ஊறிய கூளத்தைக் கூடையில் சுமந்து குழியில் கொட்டியவர் அம்மா. மாசி ஆனாலும் மார்கழி ஆனாலும், காய்ச்சல் நாளிலும் கொட்டினார். எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. யூரியா மூட்டை வீட்டுக்கு வந்த நாளில் தாத்தா முகம் சுளித்தார், அம்மா சுளிக்கவில்லை. மண்ணுக்கு நஷ்டம், அம்மாவின் இடுப்புக்கு லாபம்.

ஆகவே எருக்குழி திரும்பி வரட்டும், வந்தே ஆக வேண்டும். ஆனால் இந்தத் தடவை கூலியோடு வரட்டும். இயற்கைத் தக்காளி கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதலா என்று பேரம் பேசுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த இருபது ரூபாய் சாணி அள்ளியவரின் சம்பளம். எங்கள் வீட்டில் அது இத்தனை வருஷம் பாக்கி.